பொங்கலுக்கு வெந்த டேலியா

என் தம்பி பெண்சாதி சரசுவைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அதற்கப்புறம். அப்படியொரு அழுத்தக்காரியைப் பெங்களூரில் நான் வேலை பார்த்த காக்ஸ் டவுனிலும் கண்டதில்லை, குடியிருந்த ஜீவனஹள்ளியிலும் கண்டதில்லை. எதைச் சொன்னாலும் 'சரி அண்ணி' என்பாள். தலையையும் ஆட்டுவாள். அப்புறம் போய்த் தான் நினைத்ததைச் செய்வாள். சந்தாபுராவிலிருந்து புதுத் தாலியோடு வந்து இறங்கிய நாளிலிருந்து இதே கதை. சண்டை போடுகிறவளைச் சமாளிக்கலாம், சரி என்று சொல்கிறவளை என்ன செய்வது?

என் பெயர் லட்சுமம்மா. டோரீன் மிஸ்ஸியின் பங்களாவில் எனக்குச் சமையல் வேலை. மிஸ்ஸி சட்டைக்காரி, அதாவது ஆங்கிலோ இந்தியக்காரி, கல்யாணம் செய்துகொள்ளாதவள், பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பாள். சுதந்திரம் வந்ததும் அவளுடைய ஜனங்களில் பாதிப்பேர் சீமைக்குக் கப்பல் ஏறினார்கள். இவள் மட்டும் என் ரோஜாவையும் டேலியாவையும் யார் பார்ப்பது என்று இங்கேயே இருந்துவிட்டாள். நிஜத்தில் அவற்றைப் பார்த்துக்கொண்டவன் என் தம்பி ஜெயராமன். அவன்தான் அங்கே மாலி, தோட்டக்காரன். பங்களாவுக்குப் பின்னால் ஓடு போட்ட ஒற்றை அறை உண்டு, அவுட்ஹவுஸ் என்பார்கள். அவனும் சரசுவும் அதில் குடியிருந்தார்கள். குழந்தை இல்லை.

டேலியாவை நான் மெச்சியதே கிடையாது. பூ என்னவோ சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும், சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகக் கண்ணைப் பறிக்கும். ஆனால் வாசனை கிடையாது. தலையில் வைக்க முடியாது, சாமிக்கும் யாரும் போடுவதில்லை. மண்ணுக்குள்ளே சர்க்கரைவள்ளி மாதிரி கொத்துக்கொத்தாகக் கிழங்கு இறங்கும். மழைக்காலம் முடிந்தால் செடி காய்ந்துவிடும், கிழங்கு தூங்கிவிடும். அதைத் தோண்டியெடுத்துக் குளிர்காலம் பூராவும் பத்திரமாக வைத்திருந்து, கோடையில் எழுப்பி நட்டால் ஆகஸ்டில் மறுபடி பூ. அந்த ஆகஸ்டில் சர்ச் ஹாலில் ஒரு பூக்காட்சி நடக்கும். எதிர்வீட்டுத் தியோடர் துரைதான் அதற்குக் காரியதரிசி. அவருக்கும் மிஸ்ஸிக்கும் டேலியாவில் போட்டி. வருஷமெல்லாம் குட்மார்னிங் சொல்லிக்கொள்கிறவர்கள் அந்த ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

ஐம்பத்துமூன்றாம் வருஷம் மழைக்காலக் கடைசியில் என் தம்பிக்கு மஞ்சள்காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், ஆஸ்பத்திரியிலும் சேர்த்தோம். தீபாவளிக்கு முன்னாலேயே போய்விட்டான்.

மிஸ்ஸி கெட்டவள் இல்லை. அறை மாலிக்கு உள்ளது, வேறு ஆள் பார்க்க வேண்டும், அவசரமில்லை, சரசு மெதுவாகச் சாமானை எடுத்துக்கொள்ளட்டும் என்று என்னிடம்தான் சொல்லியனுப்பினாள். சரசுவின் அப்பா பெருமாள்சாமி மாமா மகளைச் சந்தாபுராவுக்கு அழைத்துப்போகத் தயாராக நின்றார். அங்கே இரண்டு அண்ணன்கள், அவர்கள் பெண்சாதிகள், வீடு நிறையப் பிள்ளைகள். போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆயுசு முழுக்க அவர்கள் அடுப்பை ஊதி, அவர்கள் துணியைத் துவைத்து, மிச்சம் மீதியைச் சாப்பிட வேண்டியதுதான். இருந்தாலும் தாலி அறுத்தவர்கள் எல்லோரும் அப்படித்தானே போகிறார்கள்? நானும் போகத்தான் சொன்னேன். 'சரி அண்ணி' என்றாள். நேராக மிஸ்ஸியின் வராந்தாவில் போய் நின்றாள்.

"அவரு செஞ்ச வேலைய நான் செய்யறேன் மிஸ்ஸி. வேற ஆள் பாக்காதீங்க."

மிஸ்ஸி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாள். பொம்பளை மாலியை இந்தக் கன்டோன்மென்ட்டில் எங்கேயாவது கண்டதுண்டா, தண்ணீர் ஊற்றுவாய், களை பிடுங்குவாய், டேலியாவைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டாள். ஒன்றும் தெரியாது என்றாள் சரசு. அந்தப் பதில் மிஸ்ஸிக்குப் பிடித்துவிட்டதோ என்னவோ, யோசித்து ஒரு பேச்சுப் பேசினாள். இந்தக் கிழங்குகளைக் குளிர்காலத்தில் சாகவிடாமல் காப்பாற்று, ஆகஸ்ட் பூக்காட்சி மேஜையில் என் டேலியாவைக் கொண்டுவந்து நிறுத்து. நிறுத்தினால் வேலையும் உனக்கு, அறையும் உனக்கு. நிறுத்தாவிட்டால் செப்டம்பரில் காலி செய்துவிட வேண்டும், அழக்கூடாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்துவிட்டு நான் வயிறெரிந்து நிற்கிறேன். இவள் மூலையில் உட்கார்ந்து ஒரு மாதம் அழவில்லை, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்று கேட்டேன். பேசத்தான் செய்தார்கள். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஆழம் தெரியாமல் காலை விட்டவள் படவேண்டியதையெல்லாம் அவள் பட்டாள். மிஸ்ஸியிடம் சீமையிலிருந்து வந்த தோட்டப் புத்தகம் ஒன்று உண்டு. உறைபனி விழுந்து இலை கருகினதும் கிழங்கைத் தோண்டு என்று அதில் போட்டிருக்குமாம். எங்கள் ஊரில் உறைபனிக்கு எங்கே போவது? மார்கழியில் மஃப்ளர் கட்டிக்கொண்டு நடுங்குவோம், அதோடு சரி. இங்கே டேலியாவுக்கு எமன் ஈரம்தான். மதராஸ் பக்கம் புயல் என்றால் இங்கே வானம் மூடிக்கொண்டு நாள்கணக்கில் சிணுங்கும். சுவர் வேர்க்கும், உப்புக் கரையும், கிழங்கு அழுகும்.

தீபாவளி கழிந்து தோண்டினாள். எப்படி? முள்ளங்கி பிடுங்குகிற மாதிரி தண்டைப் பிடித்து இழுத்தாள். பாதிக்குக் கழுத்து ஒடிந்தது. மண் ஒட்டியிருக்கிறதே என்று தண்ணீரில் போட்டு ஏனம் கழுவுகிற மாதிரி கழுவினாள், காயவைக்காமலே பெட்டியில் அடுக்கினாள். கொஞ்ச நாளில் அந்த அறைக்குள் மூக்கை நீட்ட முடியவில்லை. வெள்ளைப் பூஞ்சணம் பிடித்ததையெல்லாம் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் கொட்டினாள். கிழிஞ்சது போ, உங்க நைனாவுக்குக் கார்டு போடட்டுமா என்று கேட்டேன். 'சரி அண்ணி' என்றாள்.

மறுநாள் பார்த்தால் கடலை வறுக்கிறவன் மாதிரி இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டி வறுத்துக்கொண்டிருக்கிறாள். மணலில் பொட்டு ஈரம்கூட இருக்கக்கூடாதாம். அதை ஆறவைத்துப் பழைய மண்ணெண்ணெய்ப் பெட்டிகளில் பரப்பி, மிச்சக் கிழங்குகளின் வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலைத் தடவி, ஒன்றையொன்று தொடாமல் படுக்கவைத்தாள். பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போயின. பெருச்சாளி நுழையாமல் சுற்றிலும் ஓட்டுத்துண்டுகளை அடுக்கினாள். அடிக்கடி மணலைத் தள்ளி ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்ப்பாள். வாடை வந்தால் அந்த இடத்தைச் செதுக்கி மறுபடி சாம்பல். தூறல் பிடித்துக்கொண்ட நாட்களில் கரியடுப்பை அறைக்குள் வைத்துச் சூடு காட்டுவாள், புகையில் அவள் கண்தான் பழுத்துப்போகும். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை இல்லாதவளிடம் அதைச் சொல்லலாமா? விழுங்கிவிட்டேன்.

கிழங்குகள் நின்றன. மார்கழி தாண்டிவிட்டது. மிஸ்ஸி ஒரு நாள் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு 'பேட் இல்லை' என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாயிலிருந்து அதுவே பெரிய பாராட்டு.

அப்புறம் பொங்கல் வந்தது. எங்களுக்குத் துக்க வருஷம், பானை வைக்கக்கூடாது. ஊரே பொங்கல் வைக்கும்போது மகள் வெறும் வாயோடு உட்கார்ந்திருப்பாளே என்று பெருமாள்சாமி மாமாவுக்குப் பொறுக்கவில்லை. வெல்லமும் ஒரு கட்டுக் கரும்புமாகக் காலை பஸ்ஸில் வந்திறங்கினார். இந்தத் தடவை அவளைக் கையோடு அழைத்துப்போய்விட வேண்டும் என்கிற எண்ணமும் இருந்தது. சரசு முன்பக்கத்தில் ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய் உட்காரு நைனா, கை வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று அனுப்பிவிட்டாள்.

மனிதர் சும்மா உட்கார்ந்தாரா? கட்டிலில் உட்கார்ந்தவர் காலில் பெட்டி இடித்திருக்கிறது. குனிந்து பார்த்தால் மணலுக்குள் கிழங்கு. அவர் வீட்டிலும் சர்க்கரைவள்ளியை மணலில் புதைத்து வைப்பது உண்டு. அடடா, பண்டிகைக்கென்று வாங்கிவிட்டு, துக்கமாயிற்றே என்று தொடாமல் வைத்திருக்கிறது பெண் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பானைதானே வைக்கக்கூடாது, கிழங்கை வேகவைக்க என்ன தடை? கொழுத்த கிழங்குகளாகப் பார்த்து ஒடித்துக்கொண்டார். தண்டோடு ஒட்டிக் கட்டையாக இருந்த தலைகளைப் பின்பக்கச் சாம்பல் குழியில் எறிந்தார். பெட்டி பெட்டியாக முடித்துவிட்டு, வெல்லத்தைப் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டார்.

நான் மத்தியானம் பங்களாச் சமையலை முடித்துக்கொண்டு அங்கே போனேன். வாம்மா லட்சுமி, சூடாக இருக்கிறது என்று தட்டில் வைத்துக் கொடுத்தார். ஒரு வாய் தின்றேன். தண்ணீரும் நாருமாக இருந்தது. இனிப்பு வெல்லத்தில் மட்டும்தான். சந்தாபுராவில் இந்த வருஷம் கிழங்கு சரியில்லையா மாமா என்று கேட்டேன். இது உங்க ஊர்க் கிழங்குதான், கட்டிலுக்கு அடியில் இருந்தது என்றார். எனக்கு மென்ற வாய் அப்படியே நின்றுவிட்டது.

அந்த நேரம் சரசு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். அடுப்பைப் பார்த்தாள். வெளியே இழுத்துக் கிடந்த பெட்டிகளைப் பார்த்தாள். நைனா ஆசையாகத் தட்டை நீட்டி, சாப்பிடு கண்ணு என்றார். நான் இப்போது இவள் கூரை பறக்கக் கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினாள். "நல்லாருக்குது நைனா" என்றாள்.

எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. என்ன காரியம் செய்தீர்கள் மாமா, அது உங்கள் மகளுடைய சோறு, அவளுடைய வீடு என்று போட்டு உடைத்துவிட்டேன். விஷயம் புரிந்ததும் மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். பெற்ற கையே மகள் சோற்றில் மண்ணள்ளிப் போட்டுவிட்டதே என்று அழுதார். அழுதுவிட்டு, இனிமேல் இங்கே என்ன இருக்கிறது, மூட்டையைக் கட்டு, சாயங்கால பஸ்ஸுக்கே போகலாம் என்றார். நடந்ததெல்லாம் நல்லதுக்குத்தான் என்றும் ஒரு வார்த்தை சேர்த்தார். அது அவள் முகத்தை மாற்றியதை நான் கண்டேன்.

மிஸ்ஸிக்குச் சொல்லாதே என்று நான் அவள் காதில் சொன்னேன். எங்கேயாவது நர்சரியில் நாலு கிழங்கு வாங்கிப் பெட்டியில் போட்டுவிடலாம், கிழங்கின் முகத்தில் பெயரா எழுதியிருக்கிறது? சரசு எழுந்து புடவையை உதறினாள்.

"என்னை நம்பித்தான் வுட்டாங்க அண்ணி. போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நானும் பின்னாலே போனேன். கிழங்கை வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டோம் என்று மிஸ்ஸியிடம் சொன்னாள். நைனா பெயரை எடுக்கவே இல்லை. மிஸ்ஸிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கழுத்திலிருந்து ஏறிய சிவப்பு நெற்றி வரைக்கும் போயிற்று. பியானோ மூடியைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடியும் சாத்தினாள். இன்றைக்கே இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழிந்தது என்று நான் முருகனை நினைத்துக்கொண்டேன்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் மிஸ்ஸி.

"உப்பு சப்பே இல்ல மிஸ்ஸி" என்று நான்தான் பதில் சொன்னேன். கேட்டால் சொல்ல வேண்டாமா?

மிஸ்ஸி கைத்தடியை எடுத்துக்கொண்டு நேராக அவுட்ஹவுஸுக்கு வந்தாள். காலிப் பெட்டிகளைக் கிளறினாள். பின்பக்கம் போய்ச் சாம்பல் குழியைக் குத்தினாள். மாமா எறிந்த தலை ஒன்றை எடுத்துச் சாம்பலை ஊதிவிட்டுச் சரசுவிடம் காட்டினாள். தண்டு சேருகிற கழுத்தில் குண்டூசி முனை அளவுக்குப் புள்ளிகள் இருந்தன. முளைக்கிற கண் இங்கேதான் இருக்கிறது, கிழங்கில் இல்லை, கிழங்கு இந்தக் கண்ணுக்குச் சாப்பாடு, அதை நீங்கள் தின்றுவிட்டீர்கள் என்றாள். சாப்பாடு இல்லாமல் பங்குனி வரைக்கும் இது எப்படி உயிரோடு இருக்கும், பிரயோசனமில்லை என்று குழியிலேயே போட்டாள். சொன்ன சொல் மட்டும் சொன்னதுதானாம். ஆகஸ்ட் என்றால் ஆகஸ்ட்.

மாமா பையோடு கேட்டருகே காத்துக்கொண்டிருந்தார். மகள் மூட்டை கட்டுகிறாள் என்று நினைப்பு. அவள் சாம்பல் குழிக்குள் இறங்கி, ஒவ்வொரு தலையாக முந்தானையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சிலவற்றில் மாமா லட்சியம் பண்ணாமல் விட்ட ஒல்லிக் கிழங்கு ஈர்க்குச்சி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பலவற்றில் அதுவும் இல்லை. முகமெல்லாம் சாம்பலாக வெளியே வந்தாள்.

"நீ பஸ்ஸுக்குக் கெளம்பு நைனா. எனக்கு வேலை இருக்குது."

அவர் கரும்பை மட்டும் கேட்டில் சாத்திவைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாட்டைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கொழுத்த கிழங்கு தண்ணீரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். இந்த மொட்டைத் தலைகளுக்கு அது ஏது? காயவிட்டால் சுருங்கிச் சாகும், நனைத்தால் அழுகிச் சாகும். குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், அறையின் குளிர்ந்த மூலையில், தொட்டியில் வறுத்த மணலைப் போட்டுப் புதைத்தாள். காலையில் வெற்றிலைக்குத் தெளிக்கிற மாதிரி விரல் நுனியால் மணலின் மேலே ஈரம் காட்டுவாள். சாயங்காலம் தொட்டுப் பார்ப்பாள். கல்லில் நார் உரிப்பது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டுதான் இருந்தன. செத்ததை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததைத் தொட்டுப் பார்ப்பாள். தோட்டத்தில் மற்ற வேலை எதையும் அவள் குறைக்கவும் இல்லை. ரோஜா கவாத்து, புல்வெளி, வேலி என்று மிஸ்ஸிக்குக் குறை சொல்ல வாய்ப்பே கொடுக்கவில்லை. மிஸ்ஸியும் ஒரு பக்கம் தெரிந்தவர்களிடம் மாலி வேலைக்கு ஆள் உண்டா என்று விசாரித்துக்கொண்டுதான் இருந்தாள், நான் காப்பி கொண்டுபோய் வைக்கும்போது காதில் விழும்.

மாசி கடைசியில் ஒரு காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவளாக என்னை ஒன்றுக்கும் கூப்பிட்டவளில்லை. வந்து பாருங்கள் அண்ணி என்றாள். பால் பொங்குகிற நேரத்தில் என்ன வந்தது என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். மணலைத் தள்ளிக் காட்டினாள். ஒரு தலையின் கழுத்தில் கடுகத்தனை சிவப்பு, பக்கத்தில் இன்னொன்றிலும். மொத்தத்தில் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் தலைகள்தான் பிழைத்திருந்தன.  பால் பொங்கி வழிந்த நாற்றம் அங்கே வரைக்கும் வந்தது.

நாலைந்து செடியை வைத்துக்கொண்டு பூக்காட்சியில் நிற்க முடியாது, ஒன்று போனால் எல்லாம் போயிற்று. மிஸ்ஸி வந்து பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னாள். முளை விரல் நீளம் வந்ததும் அறுத்து மணலில் ஊன்று, அது வேர் விடும், தாய்த்தலை மறுபடியும் முளை விடும், அதையும் அறு. சரசு அதற்கு மட்டும் தலையாட்டவில்லை. அந்த அழுத்தக்காரி பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பகல் பூராவும் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சாம்பலிலிருந்து எடுத்ததை நானே அறுக்கணுமா அண்ணி என்று என்னிடம் கேட்டாள். புருஷன் செத்தபோது கூட அவள் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.  முருங்கையை ஒடித்துத்தானே வளர்க்கிறோம் என்றேன். உள்ளே போய் அறுத்தாள்.

முதலில் ஊன்றியதில் பாதி வாடிச் செத்தது. மறுபடி அறுத்தாள், மறுபடி ஊன்றினாள். சித்திரை முடியும்போது அவுட்ஹவுஸ் வாசலில் வரிசையாகத் தொட்டிகள் நின்றன. அப்போதுதான் சந்தாபுரா பஸ்ஸின் மேலே ஒரு மூட்டை வந்தது. மக்கின சாண எரு, சல்லடை போட்டுச் சலித்தது, கட்டி கல் எதுவும் இல்லை. மாமா வரவில்லை, மூட்டை மட்டும்தான். தின்றதற்கு வட்டி என்று நான் கேலி செய்தேன். சரசு அந்த எருவைக் கையில் அள்ளி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைகாசி பிறந்த பின் ஒரு மத்தியானம். வெயில் சுட்டுக்கொண்டிருந்தது, திடீரென்று இருட்டியது. நான் கட்லெட்டுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருக்கிறேன், ஓட்டின் மேலே கல்லெறிகிற மாதிரி சத்தம். ஆலங்கட்டி மழை. ஜன்னலில் பார்த்தால் சரசு தன் வீட்டுப் பானையையும் சட்டியையும் இரண்டு செடி மேலே கவிழ்த்துவிட்டு, மூன்றாவதின் மேல் தானே குனிந்து நிற்கிறாள், முதுகில் கட்டி விழுந்து தெறிக்கிறது. அவள் வீட்டில் அதற்கு மேல் பாத்திரம் ஏது? எனக்கு என்ன வந்ததோ தெரியாது. மிஸ்ஸியின் டேக்சாக்கள், கேக் தகரம், சூப் வைக்கிற பீங்கான் ஜாடி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடினேன். ஓடி ஓடிக் கவிழ்த்தோம். என் தலையில் ஒன்று விழுந்து புடைத்துக்கொண்டது. மிஸ்ஸியும் குடையோடு வந்துவிட்டாள், படுக்கையறையிலிருந்து ஒரு பாத்திரம் கொண்டுவந்து கவிழ்த்தாள். அது என்ன பாத்திரம் என்று நான் சொல்லமாட்டேன். மழை விட்டபிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். ஐந்தாறு செடி முறிந்துபோயிருந்தது, மற்றவை நின்றன. சூப் ஜாடிதான் உடைந்தது. இந்தப் பெண் இந்த வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சொன்னேன்.

ஆகஸ்டில் பூத்தது. ரத்தச் சிவப்பில் ஒவ்வொன்றும் இரண்டு கையையும் சேர்த்து வைத்த அகலம். நானும் அவளும் தள்ளுவண்டியில் பழைய தலையணைகளை முட்டுக்கொடுத்துத் தொட்டிகளை சர்ச் ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். மேஜையில் ஏற்றி, இலையைத் துடைத்து, அவள் பின்னால் தள்ளி நின்றாள். முதல் பரிசு தியோடர் துரைக்குத்தான் கிடைத்தது. அவருடைய கிழங்குகளை யாரும் வேகவைக்கவில்லையே. மிஸ்ஸிக்கு இரண்டாவது. மிஸ்ஸி உதட்டைப் பிதுக்கினாள், ஆனாலும் பேச்சு மேஜையில் நிற்பதைப் பற்றித்தானே.

அந்தப் பூக்காட்சியில் ஒரு வழக்கம் உண்டு. கப்பும் பரிசுச் சீட்டும் பங்களாக்காரர்களுக்கு. கூடவே அவர்களுடைய மாலிக்குச் சிவப்புக் கரை போட்ட புதுத் தலைப்பாகைத் துணி ஒன்று கொடுப்பார்கள். வாங்கினவன் அங்கேயே கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பான், ஜனங்கள் கைதட்டுவார்கள். தியோடர் துரை ஒவ்வொரு மாலியாகக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தார். மிஸ்ஸியின் மாலி என்று கூப்பிட்டார். சரசு போய் முன்னால் நின்றாள். அவர் நீட்டிய துணியை அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இது ஆம்பளைகளுக்கு உள்ளது, உனக்கு நாளைக்கு ஒரு புடவை வாங்கி அனுப்புகிறேன் என்று நல்லபடியாகத்தான் சொன்னார். எனக்குப் பின்னால் எவனோ சிரித்தான்.

சரசு நீட்டின கையை மடக்கவில்லை.

"எல்லாருக்கும் குடுக்கறதையே எனக்கும் குடுங்க தொரை."

இதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டார். அவர்கள் என்ன செய்கிறார்களோ அதைத்தான் என்று சொன்னாள். துரை மிஸ்ஸியைப் பார்த்தார். மிஸ்ஸி பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டார்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு துணியை உதறினாள். அது நீளத் துணி, ஒரு முனையை யாராவது இழுத்துப் பிடித்தால்தான் சரியாகச் சுற்ற வரும். மற்ற மாலிகள் ஒருத்தனுக்கு ஒருத்தன் பிடித்துக் கட்டிக்கொண்டார்கள். இவளுக்குப் பிடிக்க ஒருத்தனும் நகரவில்லை. தினம் காலையில் என் தம்பிக்கு முனையைப் பிடித்தவள் இவள்தான், பங்களா ஜன்னலிலிருந்து நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அத்தனை ஜனங்களுக்கு நடுவில் அவள் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. செருப்பை ஓரமாக விட்டுவிட்டு நேராக முன்னால் போய் முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"சுத்துடி" என்றேன்.

சுற்றினாள். ஒரு சுற்றுக்கூடப் பிசகவில்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை, முனையை விட்டால் தளர்ந்துவிடுமே. கட்டி முடித்துவிட்டு அவள் போய் வரிசைக் கடைசியில் நின்றாள். பக்கத்தில் நின்றவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். கைதட்டினார்களா இல்லையா என்று எனக்கு ஞாபகமில்லை.

வெளியே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. மிஸ்ஸி குடையைத் தேடி எடுத்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே, "மாலி, தொட்டி எல்லாம் வண்டியில ஏத்து, மழை வருது" என்றாள்.

சரசு போய் முதல் தொட்டியைத் தூக்கினாள்.